போடா என்றால் போ என்று அர்த்தமில்லை

எனோக் சைக்ஸுக்கு யாரையும் பிடிக்காது. சுரங்க மேனேஜரைப் பிடிக்காது. அரசாங்கம் சுரங்கங்களை எடுத்துக்கொண்ட பிறகு வந்து இறங்கிய கோட்டுக்காரர்களையும் பிடிக்காது. சங்கச் செயலாளர் வில்ஃப் கிராப்ட்ரீயை, அவன் மூக்கொழுகித் திரிந்த காலத்திலிருந்தே பிடிக்காது. யுத்தம் முடிந்து இங்கிலாந்துக்கு அகதிகளாக வந்து ஹாத்தர்லீ நிலக்கரிக் குழியில் வேலைக்குச் சேர்ந்த உக்ரேன்காரர்களை மட்டும் பிடித்துவிடுமா? அவர்களில் ஒருவனை, ஒஸ்தாப் என்பவனை, அவருக்கு ஜோடியாகப் போட்டபோது, "வேற எவனும் கிடைக்கலியா?" என்றுதான் கேட்டார். வேறு எவனும் அவரோடு வேலை செய்யச் சம்மதிக்கவில்லை என்பது மேஸ்திரிக்குத் தெரியும். அதை அவரிடம் சொல்ல முடியுமா?

முதல் நாள் குழிக்கு அடியில், விளக்கு வெளிச்சத்தில், ஒஸ்தாப் தொப்பியைக் கழற்றிவிட்டுக் கையை நீட்டினான்.

"காலை வணக்கம் ஐயா. என் பெயர் ஒஸ்தாப்."

பயிற்சிக் கூடத்தில் சொல்லிக்கொடுத்த இங்கிலீஷ். சோப்புப் போட்டுக் கழுவி வைத்தது மாதிரி இருந்தது.

"போடா மயிரே," என்றார் எனோக்.

அவன் முகம் செத்துவிட்டது. ரொட்டி டப்பாவையும் தண்ணீர்க் குடுவையையும் எடுத்துக்கொண்டு வந்த வழியே திரும்பினான். எனோக் அதைக் கவனிக்கவில்லை. சட்டையைக் கழற்றி மாட்டி, மண்டியிட்டு, கரியில் நாலு கொத்துக் கொத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தால் ஆளைக் காணோம். ஆட்களை மேலே கீழே கொண்டுபோகிற கூண்டு நிற்கிற இடம் வரைக்கும் முதுகை வளைத்துக்கொண்டே நடந்து தேடிப் போனார். அங்கே மேலே போகக் காத்து நின்றிருந்தான் அவன். சுற்றிலும் ஆட்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

"எங்கடா போன?"

"நீங்கதான் போகச் சொன்னீங்க."

"நான் எப்படா சொன்னேன்?"

"போடான்னு சொன்னீங்களே ஐயா."

"போடான்னா போன்னு அர்த்தமில்லடா. சும்மா சொல்றது."

"சும்மான்னா?"

எனோக்குக்கு விளக்கத் தெரியவில்லை. பள்ளிக்கூடம் அவருக்குக் கொஞ்சநாள் வாசனைதான். "சும்மான்னா சும்மா. வா, வேலை கிடக்கு."

பின்னாலிருந்து எவனோ கத்தினான்: "தம்பி, அவர் சொன்னா நீயும் திருப்பிச் சொல்லு. இங்க அதான் மரியாதை!"

விளக்கத் தெரியாவிட்டாலும் அந்தச் சொல் வந்த வழி எனோக்குக்குத் தெரியும். அவருடைய பாட்டன் காலத்தில் ஒருத்தனைப் பார்த்து அதைச் சொல்லிவிட்டால், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டு மதுக்கடைக்குப் பின்னால் வந்துதான் ஆகவேண்டும். ரத்தம் பார்க்காமல் அடங்காது. பாட்டனுக்கு முன்பல் இரண்டு போனது அப்படித்தான். அப்பன் தென்னாப்பிரிக்கச் சண்டைக்குப் போய்விட்டு வரும்போது அந்தச் சொல்லை மூட்டையாகக் கட்டிக்கொண்டு வந்தார். அங்கே சாப்பாடு எப்படி? மயிரு மாதிரி. மெடல் கொடுத்தார்களா? எந்த மயிருக்கு? சண்டை போட்டு என்னதான் கிடைத்தது? ஒரு மயிரும் இல்லை. பட்டாளத்தில் அதிகாரி சொன்னதற்கெல்லாம் தலையாட்டி, மனதுக்குள் இதைச் சொல்லிச் சொல்லிப் பழகியவர்கள், ஊருக்கு வந்து வாய்விட்டுச் சொன்னார்கள். பிறகு முதல் யுத்தத்தில் எனோக்கும் பிளாண்டர்ஸ் சேற்றுக்குப் போய்விட்டு வந்தார். அதற்குள் அந்தச் சொல்லுக்குப் பல் எல்லாம் கொட்டிவிட்டது. காலை வணக்கத்துக்கும் அதுதான், நன்றிக்கும் அதுதான். ஒருத்தன் அது இல்லாமல் பேசினால்தான் பக்கத்தில் இருப்பவன், இவனுக்கு நம்மேல் என்ன கோபம் என்று யோசிப்பான்.

விதி ஒன்றே ஒன்று. கூண்டு மேலே வந்து கதவு திறந்ததும் அந்தச் சொல்லைக் கீழேயே விட்டுவிட வேண்டும். பெண்கள் காதில் அது விழக்கூடாது. எட்னாவைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து எனோக் வீட்டில் அதைச் சொன்னதில்லை. கால் கட்டைவிரலில் சுத்தியல் விழுந்த அன்றைக்குக்கூட வீட்டுக்கு வந்து, "அடடா" என்றுதான் சொன்னார்.

ஒஸ்தாப் சீக்கிரமே பிடித்துக்கொண்டான். அவனுக்கு அது விளையாட்டு.

"பெருசு, டீ இருக்கா?"

"ஒரு மயிரும் இல்ல," என்பார் எனோக், குடுவையை அவன் பக்கம் நீட்டியபடியே.

"பெருசு, உங்க ராஜாவுக்கு உடம்பு சரியில்லையாமே?"

"அதுக்கு எனக்கென்ன மயிரு."

வேலை முடிந்து கூண்டுக்குள் ஏறும்போது எனோக் சொல்வார்: "போடா மயிரே." அவன் தன் ஊர் நாக்கை உருட்டிக்கொண்டு சொல்வான்: "நீ போய்யா மயிரு பெருசு." அதோடு அன்றைய கணக்கு தீர்ந்தது. அவனை அவருக்குப் பிடித்திருந்ததா என்று கேட்டால், இல்லை என்றுதான் சொல்வார். ஆனால் அவன் காய்ச்சலில் படுத்த வாரம் அவர் மேஸ்திரியிடம் இரண்டு தடவை போய், அந்தப் பயல் எப்போது வருவான் என்று கேட்டார்.

அக்டோபரில் அது நடந்தது. கரியை எடுத்து முடித்த இடத்தில், மேல்பாறையைத் தாங்க நிறுத்தின மரமுட்டுகளைப் பின்னாலிருந்து ஒவ்வொன்றாகத் தட்டி உருவிக்கொண்டு வரவேண்டும். உருவ உருவப் பாறை இறங்கும். தட்டுகிறவன் காதைத் தீட்டி வைத்துக்கொண்டு தட்ட வேண்டும், தட்டினதும் குதிக்க வேண்டும். ஒஸ்தாப் குந்தி உட்கார்ந்து தட்டிக்கொண்டிருந்தான். எனோக் கொஞ்சம் தள்ளி, உருவின முட்டுகளை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்.

துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். ஒஸ்தாப் தலைக்கு மேலிருந்து பொடி உதிர்ந்தது.

"போடா!" என்று கத்தினார் எனோக். "போடா மயிரே!"

ஒஸ்தாப் திரும்பிப் பார்த்தான். கரி அப்பின முகத்தில் பல் மட்டும் வெள்ளையாகத் தெரிந்தது.

"நீ போய்யா மயிரு பெருசு," என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டு மறுபடியும் சுத்தியலை ஓங்கினான்.

பாறை இறங்கியது.

எனோக் வெறுங்கையால் கல்லை வாரினார். மற்ற ஆட்கள் ஓடி வந்து, அவர் நகமெல்லாம் போன பிறகு அவரைப் பிடித்து இழுத்து உட்கார வைத்தார்கள். வெளியே எடுத்தபோது ஒஸ்தாப் முகத்தை யாரையும் பார்க்கவிடாமல் சாக்கால் மூடினார்கள்.

அடக்கத்துக்கு மறுநாள் ஒஸ்தாப்பின் தம்பி மிரோன் எனோக்கைத் தேடி வந்தான். அவனுக்கும் அதே குழியில்தான் வேலை, கரிவண்டி தள்ளுகிற இடத்தில். அதிகம் பேசாதவன். வாசலில் நின்றே சொன்னான்.

"எங்களைக் குழியை விட்டு அனுப்பணும்னு சங்கத்துல பேசறாங்க ஐயா. எங்களுக்கு பாஷை புரியாது, அதனால கூட இருக்கிறவனுக்கும் ஆபத்துன்னு சொல்றாங்களாம். எங்கண்ணன் செத்ததுதான் அதுக்குச் சாட்சியாம். அவனுக்கு பாஷை தெரியும்னு உங்களுக்குத் தெரியும். சாவு விசாரணையில நீங்க சொல்லணும்."

"சொல்றேன்," என்றார் எனோக்.

அன்றைக்கே வில்ஃப் கிராப்ட்ரீயும் வந்தான். சமையலறையில் தொப்பியைக் கையில் வைத்துத் திருகிக்கொண்டு நின்றான்.

"எனோக் அண்ணே, நீங்க கத்தினீங்கதானே?"

"கத்தினேன்."

"அது போதும். அவனைப் போகச் சொன்னேன், அவன் போகலன்னு சொல்லிட்டு இறங்கிடுங்க. அதுக்கு மேல வாயைத் திறக்காதீங்க."

"ஏன்?"

"நம்ம பசங்க எத்தனை பேரு குழியில எடம் கிடைக்காம மேல நின்னு கரியிலேர்ந்து கல் பொறுக்கிட்டிருக்கான்? இவனுங்க போனா அவனுங்க இறங்கலாம். பாஷை புரியாதவன் கூட வேலை செய்ய முடியாதுன்னு நாமளும் எத்தனை நாளா சொல்றோம்."

"அவனுக்குப் பாஷை புரியும்டா."

"புரிஞ்சா ஏன் நகரல?"

"நல்லா புரிஞ்சதாலதாண்டா நகரல. பயிற்சிக் கூடத்துலேர்ந்து வந்த அன்னிக்கே சொல்லியிருந்தா எந்திரிச்சு ஓடியிருப்பான். நாமதான் கெடுத்தோம்."

கிழவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்கிற மாதிரி பார்த்தான் வில்ஃப். "அண்ணே, இதைப் போயி அங்க சொன்னீங்கன்னா, அப்ப தப்பு உம்மேலயான்னு கேப்பான். பாத்துக்குங்க."

"கேட்டுட்டுப் போறான்," என்றார் எனோக். எட்னா பக்கத்தில் இருந்ததால் அதோடு நிறுத்திக்கொண்டார்.

பள்ளிக்கூடத்துப் பெரிய அறையில் விசாரணை நடந்தது. அதிகாரி வெளியூர்க்காரர், மெலிந்த ஆள், இருமிக்கொண்டே இருந்தார். சுரங்கத்துக்கு ஒரு வக்கீல். ஒரு பக்கம் ஜூரிகள். அதிகாரிக்குக் கீழே சின்ன மேஜையில், சொல்வதையெல்லாம் சுருக்கெழுத்தில் எழுத ஒரு இளம்பெண். சேப்பல் ஜெபக்கூடத்துக்குப் போகிற பெண்கள் முன்வரிசை முழுக்க உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் எட்னா, ஞாயிற்றுக்கிழமைத் தொப்பியோடு. கடைசி வரிசையில் மிரோனும் அவன் ஆட்களும்.

எனோக் பைபிளைத் தொட்டுச் சத்தியம் செய்தார்.

"நீங்கள் எச்சரிக்கை செய்தீர்களா, மிஸ்டர் சைக்ஸ்?"

"செஞ்சேன் ஐயா."

"என்ன சொன்னீர்கள்? சொன்ன வார்த்தையிலேயே சொல்லுங்கள்."

எனோக் வாயைத் திறந்தார். இளம்பெண் பென்சிலைப் பிடித்துக்கொண்டு அவர் வாயையே பார்த்தாள். காதோரத்தில் ஒரு நீல ரிப்பன். அவளுக்குப் பின்னால் எட்னாவின் தொப்பி.

"போன்னு சொன்னேன்."

"அதற்கு அவர் என்ன சொன்னார்?"

"நீ போன்னான்."

அறையில் ஒரு முணுமுணுப்பு ஓடியது. வக்கீல் எழுந்தார். "அப்படியானால் எச்சரிக்கை அவர் காதில் விழுந்திருக்கிறது. பதிலும் சொல்லியிருக்கிறார். வயதில் மூத்தவரைப் பார்த்து, நீ போ என்று எதிர்த்துப் பேசியிருக்கிறார்."

தன் வாயிலிருந்து என்ன வந்துவிட்டது என்று எனோக்குக்கு அப்போதுதான் உறைத்தது. சொன்னது பொய்யில்லை. ஆனால் அதில் ஒஸ்தாப் இல்லை. கடைசி வரிசையில் மிரோன் எழுந்து நின்றுவிட்டான்.

"இல்ல ஐயா. அப்படி இல்ல. நான் சொன்னது வேற மாதிரி."

"வேறு மாதிரி என்றால்?"

"பொம்பளைங்க இருக்காங்க ஐயா."

பின்னால் எவனோ களுக்கென்று சிரித்தான். அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். "வசவா?"

"வசவு இல்ல ஐயா. ஒரு காலத்துல வசவுதான். இப்ப நாங்க தினம் சொல்றது. அதுக்கு அர்த்தமே கிடையாது. அவனுக்கும் அர்த்தம் இல்லன்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன். அதனாலதான்..."

"மிஸ்டர் சைக்ஸ், அந்த வசவை எடுத்துவிட்டால் மிச்சம் இருப்பது என்ன?"

"போ."

"அப்படியென்றால் போகச் சொன்னீர்கள். அவ்வளவுதானே?"

"அதை எடுக்கக் கூடாதுங்க!" எனோக் முன்னாலிருந்த தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். "எடுத்தா எல்லாம் மாறிப்போயிடுது. போடா மயிரேன்னு சொன்னேன் ஐயா. தினம் சொல்ற மாதிரி சொன்னேன். தினம் சொல்ற மாதிரி அவனும், நீ போய்யா மயிரு..."

அதிகாரி மேஜையைத் தட்டினார். இளம்பெண்ணின் பென்சில் நின்றுவிட்டது, கழுத்து வரை சிவந்துவிட்டாள். முன்வரிசையில் எட்னா எழுந்தாள். கைப்பையை எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு, யாரையும் பார்க்காமல் நடந்து வெளியே போனாள். அவள் பின்னாலேயே இன்னும் இரண்டு பெண்கள்.

"இன்னொரு தரம் அந்தச் சொல்லைச் சொன்னால் உங்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கும்," என்றார் அதிகாரி. பிறகு இளம்பெண்ணிடம் குரலைத் தாழ்த்தி, "அதை எழுத வேண்டாம் அம்மா. விலகிச் செல்லும்படி சாட்சி கூறினார், இறந்தவர் மறுத்தார் என்று போட்டுக்கொள்."

ஜூரிகள் வெளியே போய் ஒரு சுருட்டுப் பிடிக்கிற நேரத்தில் திரும்பி வந்துவிட்டார்கள். விபத்து. தெளிவான எச்சரிக்கையை இறந்தவர் மதிக்கவில்லை.

வீட்டில் எட்னா தட்டை அவர் முன்னால் வைத்துவிட்டு அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

"ஒருத்தன் செத்திருக்கான் எட்னா."

"நான் இல்லன்னு சொன்னேனா? ஞாயித்துக்கிழமை சேப்பலுக்கு எந்த மூஞ்சியோட போறதுன்னு மட்டும் சொல்லுங்க."

தட்டிலிருந்தது அப்படியே ஆறியது.

சங்கக் கூட்டம் மதுக்கடை மாடியில். அங்கே பெண்கள் கிடையாது. ஆகவே எனோக் எழுந்து நின்று எல்லாவற்றையும் சொன்னார். முதல் நாள் ஒஸ்தாப் கூண்டு வரைக்கும் நடந்து போனதைச் சொன்னார். உங்களில் எவனோதான் அவனைத் திருப்பிச் சொல்லச் சொன்னான் என்றார். கடைசி நாளைச் சொல்லும்போது, "நீ போய்யா மயிரு பெருசு" என்பது அவரை அறியாமலே அந்தப் பையன் நாக்கை உருட்டுகிற மாதிரியே வந்துவிட்டது. கூட்டம் குபீரென்று சிரித்தது. மேஜையைத் தட்டிச் சிரித்தார்கள். ஒருத்தனுக்குப் பீர் மூக்கில் ஏறிவிட்டது. எனோக் பேச்சை நிறுத்திவிட்டு அவர்களைப் பார்த்தார். சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக அடங்கியது.

"பாவம்பா, நல்ல பய," என்றான் ஒருத்தன்.

"நேத்து எம் மச்சானைப் பாத்து நானும் அப்படித்தான் கத்தினேன்," என்றான் இன்னொருத்தன், தன் கோப்பையைப் பார்த்துக்கொண்டே. "அவனும் நகரல. கல்லு இந்தப் பக்கம் விழுந்துச்சு, பொழச்சான்."

வில்ஃப் விசாரணைத் தீர்ப்பை வாசித்தான். பிறகு, வெளிநாட்டுக்காரர்கள் குழியில் இறங்கக் கூடாது என்கிற தீர்மானத்துக்குச் சம்மதம் என்கிறவர்கள் கை தூக்கலாம் என்றான்.

கைகள் உயர்ந்தன. பாவம் என்று சொன்னவன் கையும், மச்சானைப் பற்றிச் சொன்னவன் கையும்.

"டேய், நான் சொன்னது காதுல விழுந்துச்சா?" என்றார் எனோக்.

"விழுந்துச்சு அண்ணே," என்றான் வில்ஃப். "நீங்க சொன்னது நெசம்தான். யாரு இல்லன்னா?"

"அப்புறம்?"

"அப்புறம் என்ன. தீர்ப்புல ஒண்ணு எழுதியாச்சு. நம்ம பசங்களுக்கும் எடம் வேணும்."

பக்கத்தில் இருந்தவன் அவர் சட்டையைப் பிடித்து மெதுவாக இழுத்தான். "உக்காரு பெருசு. செத்தவன் செத்துட்டான், இனிமே யாருக்கு என்ன மயிரு." அவன் ஆறுதலாகத்தான் சொன்னான். எனோக் உட்காரவில்லை. படியிறங்கி வெளியே வந்துவிட்டார்.

அந்த வாரக் கடைசியில் உக்ரேன்காரர்கள் தெற்கே செங்கல் சூளைக்குப் போனார்கள். அவர்கள் தங்கியிருந்த விடுதிக்கு முன்னால் பஸ் வந்து நின்றது. எனோக் போனபோது மிரோன் இரண்டு பெட்டிகளைக் காலடியில் வைத்துக்கொண்டு நின்றான். ஒன்று அவனுடையது. இன்னொன்றின்மேல் ஒஸ்தாப்பின் கோட்டு மடித்து வைத்திருந்தது.

"நீங்க சொன்னதைக் கேட்டேன்," என்றான் மிரோன். "சங்கத்துலயும் சொன்னீங்களாம்."

"சொன்னேன்."

"எங்கண்ணன் கடைசியா சிரிச்சானா? நெசமாவா?"

"சிரிச்சான்."

பஸ் டிரைவர் ஹாரன் அடித்தான். மற்றவர்கள் ஏறிக்கொண்டிருந்தார்கள்.

"ஒண்ணு கேக்கறேன் ஐயா. பயிற்சிக் கூடத்துல எங்களுக்கு முதல் முதல்ல சொல்லிக் குடுத்தது, 'தள்ளி நில்'. வாத்தியார் அதைச் சொன்னா பெஞ்சுலேர்ந்து குதிக்கணும். குதிச்சுக் குதிச்சு, அதைக் கேட்டாலே கால் தானா எகிறும். தூக்கத்துல கேட்டாக்கூட எங்கண்ணன் எகிறியிருப்பான். உங்களுக்கு அந்த வார்த்தை தெரியாதா?"

"தெரியும்."

"எனக்கு இந்தப் பாஷை கடையில வாங்கின சட்டை மாதிரி. நீங்க இதுல பொறந்தவங்க. எவ்வளவு வார்த்தை இருக்கு இதுல. அந்த நேரத்துல உங்களுக்கு வேற ஒண்ணுமே வரலியா?"

யோசிக்க நேரமில்லை என்று சொல்லலாம். மிரோன் அதை நம்பவும் நம்பியிருப்பான். எனோக் அந்த இடத்தை மறுபடியும் நினைத்துப் பார்த்தார், பொடி உதிர்ந்ததை, தான் மூச்சை இழுத்ததை. வாய் திறந்தபோது அதில் வேறெதுவும் இருந்ததாக ஞாபகமில்லை. இத்தனை வருஷத்தில் வேறெதையும் அங்கே போட்டு வைக்கவில்லை.

"வரல," என்றார்.

மிரோன் தலையை ஆட்டினான். மன்னித்தது மாதிரியும் இல்லை, திட்டுவது மாதிரியும் இல்லை. குனிந்து பெட்டிகளைப் பிடித்தான். எனோக் கையை நீட்டி, கோட்டு வைத்திருந்த பெட்டியின் பிடியைத் தொட்டார்.

"வேணாம் ஐயா," என்றான் மிரோன், பெட்டியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு. "நான் தூக்கிக்கறேன்."

இரண்டையும் சுமந்துகொண்டு பஸ்ஸில் ஏறினான். எனோக் நின்ற பக்கத்து ஜன்னலோரம் இடமிருந்தும், மறுபக்கமாகப் போய் உட்கார்ந்தான். பஸ் புறப்பட்டுப் போயிற்று.